மரப்பெட்டியில் குடியிருந்த கணிப்பொறி

வானொலி நம் வீடுகளுக்குள் முதலில் ஒரு மரப்பெட்டியாகவே வந்தது. டில்லி கரோல்பாக்கிலும் பம்பாய் மாதுங்காவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில், மேசைமீது, பின்னல் துணி போர்த்தி அப்பெட்டி வைக்கப்பட்டிருந்ததை நேயர்களில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே கண்ணாடி வால்வுகள் கனன்றுகொண்டிருக்கும். வெளியே மெருகிட்ட மரம் மின்னிக்கொண்டிருக்கும். விந்தையான அக்கருவி ஒரு வீட்டுப் பொருளாக மாறியதற்கு அதனைச் சூழ்ந்திருந்த மரமும் ஒரு காரணம் எனலாம். நம் மொழியும் அதற்கு வானொலிப் பெட்டி என்றே பெயரிட்டது. ஆர்மோனியப் பெட்டி, சுருதிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி என்று உள்ளே இருப்பது எதுவாயினும் அதன் கூட்டைச் சொல்லி அழைப்பது தமிழர் வழக்கம்.

கணிப்பொறிக்கும் இத்தகைய மரப்பெட்டிக் காலம் ஒன்று இருந்தது. அது மிகக் குறுகிய காலம்; அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1970களின் நடுப்பகுதியில், சில ஆண்டுகளே நீடித்தது. அந்நாளில் கணிப்பொறியை விலைகொடுத்து வாங்கியவர் தாமே உளியும் வாளும் எடுத்து அதற்கு ஒரு கூடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பெட்டிகள் ஏன் தோன்றின, ஏன் மறைந்தன என்பதை அறிந்தால், கணிப்பொறிக்கும் அதனைக் கையாளும் மனிதனுக்கும் இடையே இருந்த உறவு எவ்வாறு மாறியது என்பதும் விளங்கும்.

கணக்கிடும் கருவிக்கும் மரத்திற்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. சிக்காகோ நகரில் டார் யூஜீன் ஃபெல்ட் என்னும் இளைஞர் 1884ஆம் ஆண்டின் இறுதியில், விசைகளை அழுத்திக் கூட்டல் செய்யும் ஒரு கருவிக்கு மாதிரி செய்ய முற்பட்டார். அவரிடம் பணமில்லை. மளிகைக் கடையில் மாக்கரோனி வந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். இறைச்சியைக் கோக்கும் மரக் குச்சிகள் விசைகளாயின. வளைந்த கம்பி ஆணிகள் அவற்றிற்கு வழிகாட்டிகளாயின. ரப்பர் பட்டைகள் சுருள்வில்லின் வேலையைச் செய்தன. அந்த மாக்கரோனிப் பெட்டியிலிருந்தே காம்ப்டாமீட்டர் என்னும் புகழ்பெற்ற கணக்குக் கருவி பிறந்தது. பல்லாண்டுக் காலம் உலகெங்கும் அலுவலகங்களில் அது ஒலித்துக்கொண்டிருந்தது. விற்பனைக்கு வந்த முதற் கருவிகளும் மரக் கூட்டில் அமைந்தவையே. மூல மாதிரி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று யாவரும் கையாளும் மவுஸ் என்னும் சுட்டுக் கருவியும் மரத்தில் பிறந்ததுதான். டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் எண்ணத்திற்கு உருவம் தந்து, அவருடைய துணைவர் பில் இங்கிலிஷ் 1964ஆம் ஆண்டில் செய்த முதல் மவுஸ், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரக்கட்டை. புதியதொன்றைச் செய்து பார்க்க முனைபவனுக்கு மரம் எளிதில் வசப்படும். தவறினால் இழைத்துத் திருத்தலாம். மேலும் தவறினால் அடுப்பிற்காவது ஆகும்.

இனி, கலிபோர்னியாவிற்கு வருவோம். 1975ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள், மென்லோ பார்க் என்னும் ஊரில் கார்டன் ஃபிரெஞ்சு என்பவர் வீட்டின் கார்க் கொட்டகையில் சிலர் கூடினர். சொந்தமாகக் கணிப்பொறி செய்ய விரும்பியோரின் கூட்டம் அது. ஹோம்புரூ கணிப்பொறிக் கழகம் என்று பின்னர்ப் பெயர்பெற்றது. அதுவரை கணிப்பொறி என்பது அரசாங்கத்திற்கும் பெரும் நிறுவனங்களுக்குமே உரிய பொருள். அதனைத் தனி மனிதனின் மேசைக்குக் கொண்டுவர முடியும் என்று இவர்கள் நம்பினர்.

அக்கழகத்திற்கு வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அவர் வகுத்த கணிப்பொறிதான் 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள்-1. அவரும் ஸ்டீவ் ஜாப்சும் அதனை விற்கத் தொடங்கினர். பைட் ஷாப் என்னும் கடையை நடத்திவந்த பால் டெரல், ஒன்று 500 டாலர் வீதம் 50 கருவிகள் வேண்டும் என்று கேட்டார். முழுமையான கணிப்பொறிகள் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வந்தவையோ வெறும் மின்சுற்றுப் பலகைகள். ஏறத்தாழ 39 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் உள்ள பலகைமீது சில்லுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன, அவ்வளவே. விசைப்பலகை இல்லை, மின்மாற்றி இல்லை, திரை இல்லை, கூடும் இல்லை. கடையில் அதன் விலை 666 டாலர் 66 சென்டு. இவ்வளவு கொடுத்து வாங்கியவர், எஞ்சிய அனைத்தையும் தாமே தேடிச் சேர்க்க வேண்டும்.

இதனைக் குறையென்று கருதியோர் சிலர். வாய்ப்பென்று கொண்டோர் பலர். டெரலின் கடைக்கென உள்ளூர்த் தச்சர் ஒருவர் கோவா மரத்தில் பெட்டிகள் செய்து கொடுத்தார். கோவா என்பது ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். அத்தீவினர் தம் தோணிகளையும் உக்குலேலே என்னும் நரம்பிசைக் கருவியையும் அதில் செய்வர். நீலகிரி மலைகளில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நடப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களும் அதே இனத்தைச் சேர்ந்தவை. கடைப்பெட்டி வாங்காத பிறர், கையில் கிடைத்த மரத்தில் தாமே செய்துகொண்டனர். ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ள ஆப்பிள்-1 அத்தகையதொரு கைப்பெட்டியில் இருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டர் என்னும் ஆங்கில எழுத்துகள் அதன் மரத்திலேயே வெட்டப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகள் தொழிற்சாலையின் முத்திரையல்ல. பெட்டி செய்தவரின் கைவண்ணம்.

அதே 1976ஆம் ஆண்டில் பாப் மார்ஷும் லீ ஃபெல்சென்ஸ்டைனும் ஆக்கிய சால்-20 என்னும் கணிப்பொறியின் நீல உலோகக் கூட்டிற்கு இருபுறமும் வால்நட் மரப் பலகைகள் பொருத்தப்பட்டன. அம்மரம் மலிவான விலைக்குக் கிடைத்தது அதற்கு ஒரு காரணம். அழகிற்கென்று நாம் நினைப்பதன் பின்னே சிக்கனமும் மறைந்திருப்பது வரலாற்றில் புதிதன்று.

இப்பெட்டியைச் செய்வது எளிய வேலையென்று எண்ணிவிடலாகாது. நகைப்பெட்டி செய்யும் தச்சன் தன் பெட்டிக்குள் வைக்கும் பொருள் அசையாமல் இருந்தால் போதும் என்பான். கணிப்பொறியோ சூடாகும் பொருள். அலுமினியத்தை நோக்க மரம் வெப்பத்தைக் கடத்தும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆகவே கீழே காற்று நுழையவும் மேலே வெம்மை வெளியேறவும் துளைகளோ சட்டங்களோ அமைத்தாக வேண்டும். மின்மாற்றி கனமானது; அதனைத் தாங்க அடிப்பலகை தடித்திருக்க வேண்டும். மின்சுற்றுப் பலகை மரத்தோடு ஒட்டாதபடி சிறு தூண்கள்மீது நிற்க வேண்டும்.

இவையனைத்திற்கும் மேலாக, மரம் அறுபட்ட பின்னும் அசைவதை விடுவதில்லை. மழைக்காலத்தில் ஈரம் உண்டு பருக்கும். கோடையில் வற்றிச் சுருங்கும். இவ்வசைவு நார் ஓடும் திசையில் மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கே மிகுதி. இதனை அறியாமல் நான்கு புறமும் இறுக ஒட்டிய பெட்டி ஓராண்டில் வெடிக்கும். அறிந்த தச்சன் அகன்ற பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் செருகி, அது விரியவும் சுருங்கவும் சிறிது இடம் விடுவான். மூலைகளைப் புறாவால் மூட்டினால் இணைப்பான். மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து இழைப்பான். இலக்கங்களை இம்மியும் பிசகாமல் கணக்கிடும் ஒரு பொறிக்கு, சற்றே பிசகிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளால் வீடு கட்டும் வேலை அது.

அவ்வாறாயின் அப்பெட்டிகள் ஏன் மறைந்தன? முதற்காரணம் விலை. 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்படுத்தப்பட்ட ஆப்பிள்-2, ஜெரி மேனாக் என்பவர் வகுத்த பிளாஸ்டிக் கூட்டில் விசைப்பலகையோடு வந்தது. அச்சு வார்ப்பதற்கு முதலில் பெருஞ்செலவு ஆகும்; வார்த்த பின்னர் ஆயிரமாவது கூடு சில டாலர்களில் முடிந்துவிடும். தச்சனுடைய நூறாவது பெட்டிக்கோ முதற்பெட்டிக்கு ஆன உழைப்பில் பெரும்பகுதி தேவைப்படும். ஆப்பிள்-2 இலட்சக்கணக்கில் விற்றது. ஆப்பிள்-1 ஏறத்தாழ இருநூறே செய்யப்பட்டன. அவற்றிலும் பலவற்றை நிறுவனமே திரும்பப் பெற்று அழித்துவிட்டது.

இரண்டாவது காரணம் நம் வானொலியோடு தொடர்புடையது. 1975ஆம் ஆண்டில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர், ஆல்டேர் என்னும் கணிப்பொறியின் அருகே சிறு வானொலி ஒன்றை வைத்து, ஹோம்புரூ கழகத்தாருக்கு ஒரு விந்தை காட்டினார். கணிப்பொறி இயங்கும்போது எழும் மின்னதிர்வுகள் வானொலியில் இரைச்சலாகக் கேட்பதை அவர் கவனித்திருந்தார். அவ்விரைச்சலையே சுரமாக்கும் வகையில் கட்டளைகளை அமைத்து, பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டொன்றை ஒலிக்கச் செய்தார். கூடியிருந்தோர் எழுந்து கைதட்டினர்.

ஆனால் பக்கத்து வீட்டில் செய்தி கேட்பவருக்கு அவ்விரைச்சல் இசையாகுமா? ஆப்பிள்-1இன் இதயத்துடிப்பு நொடிக்குப் பத்து இலட்சத்திற்குச் சற்று மேல். அது மத்திய அலை வானொலியின் நடுவே விழுகிறது. உலோகக் கூடு அவ்வலைகளைப் பெரும்பாலும் தடுக்கும். மரமோ தடையின்றி வெளியே விடும். வீட்டுக் கணிப்பொறிகள் பெருகவே, அமெரிக்க நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 1979ஆம் ஆண்டில், இக்கருவிகள் வெளியிடும் அலைகளுக்கு வரம்பு வகுத்தது. அதன் பின்னர் விற்பனைக்கு வரும் கணிப்பொறிக்கு உலோக உறையோ உள்ளே உலோகப் பூச்சோ இன்றியமையாததாயிற்று. மரப்பெட்டியில் நம் வீட்டிற்கு வந்த வானொலியே, கணிப்பொறி மரப்பெட்டியை விட்டு வெளியேறுவதற்கும் ஒரு காரணமாயிற்று.

பிளாஸ்டிக் கூட்டினால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. உளி பிடிக்கத் தெரியாத பள்ளிச் சிறுவனுக்கும் கணிப்பொறி கிடைத்தது அதனால்தான். ஆயினும் ஒன்று கைவிட்டுப் போயிற்று. ஆப்பிள்-1 வாங்கியவருக்கு அதன் மின்சுற்று வரைபடமும் கையேட்டிலேயே தரப்பட்டது. மூடியைத் தூக்கினால் முழுக் கருவியும் கண்முன் விரியும். 1984ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷின் கூட்டைத் திறக்க, நீண்ட தனி வகைத் திருப்புளி ஒன்று தேவைப்பட்டது. எட்டே ஆண்டுகளில், உரிமையாளரின் கையால் முடிக்கப்படவேண்டிய பொருள், உரிமையாளர் கை படாதிருக்க வேண்டிய பொருளாயிற்று.

இன்றும் சிலர் தம் கணிப்பொறிக்குத் தம் கையாலேயே மரக்கூடு செய்துகொள்கின்றனர். 17 செ.மீ. சதுரத்தில் அடங்கும் பலகைகள் கடைகளில் கிடைப்பதால், பெட்டியும் சிறிதாகவே போதும். தேக்கோ சீஷமோ கொண்டு சட்டம் செய்து, உட்புறம் மெல்லிய உலோகத் தகடு பதித்து, அதனை மின்நிலத்தோடு இணைத்துவிட்டால், மரத்தின் பழைய குறையும் பெருமளவு நீங்குகிறது. அவர்களை வேலையற்றோர் என்று நகைப்போர் உண்டு. இவ்வரலாற்றை அறிந்தோர் அங்ஙனம் நகையார்.

2021ஆம் ஆண்டு நவம்பரில், கோவா மரப்பெட்டியோடு கூடிய ஓர் ஆப்பிள்-1 கலிபோர்னியாவில் ஏலம் விடப்பட்டது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் வாங்கி, 1977ஆம் ஆண்டில் தம் மாணவருக்கு 650 டாலருக்கு விற்ற கருவி அது; ஏலத்தில் நான்கு இலட்சம் டாலருக்குக் குறையாமல் விலைபோயிற்று. அதன் உட்பலகையை வகுத்தவர் பெயரை உலகம் அறியும். வெளிப்பெட்டியை இழைத்த தச்சரை வரலாற்று நூல்களில் பலவும் பெயர் சொல்லாமலே கடந்து செல்கின்றன. ஆயினும், நாற்பத்தைந்து ஆண்டுகள் தூசியும் அடியும் படாமல் அப்பலகையைக் காத்து நின்றது அவருடைய கைவேலை.

பிறந்த ஊரை விட்டு வந்து, அங்கங்கே கிடைத்த செங்கல்லையும் மரத்தையும் கொண்டு தமக்கென்று ஒரு வீட்டை அமைத்துக்கொண்ட நம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆயத்தமாகக் கட்டிய வீட்டில் வசதி மிகுதி. ஆனால், அதன் கதவு ஒட்டிக்கொண்டால் அழைப்பதற்கு வேறொருவரைத் தேடுகிறோம். நாமே இழைத்துப் பொருத்திய கதவாயின், மழைக்காலத்தில் அது ஏன் ஒட்டுகிறது என்பதையும், எந்த இடத்தில் சற்றே சீவ வேண்டும் என்பதையும் நம் கை அறியும்.