செம்மறி ஆட்டுக்கு முடி வெட்டக் கத்துக்கணுமா? நெல்லைக்காரங்க முதல்ல இதைப் படிங்க!

செம்மறி ஆட்டை உட்காரவெச்சு மெஷினை ஓட்டினதும், ஸ்வெட்டரைக் கழற்றுற மாதிரி மொத்த ரோமமும் ஒரே விரிப்பா விழுற ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. அம்பாசமுத்திரத்துலயோ சேரன்மகாதேவியிலயோ தாத்தா விட்டுட்டுப்போன அரை ஏக்கர் இருக்கு, வீக் எண்டுல நாலு ஆடு வளர்க்கலாம்னு ஆசையும் இருக்கு. உடனே ஆன்லைன்ல கத்தரி மெஷின் ஆர்டர் போட்டுடாதீங்க. உங்க ஆட்டுக்கு அது தேவையே இல்லாம இருக்கலாம்.

நம்ம ஊர் ஆட்டுல கம்பளி இல்லை

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் அதிகம் பார்க்குற செம்மறிகள் மூணு. உடம்பு முழுக்கச் செம்பழுப்பா, சின்ன உருவத்துல இருக்கிறது செவ்வாடு. வெள்ளை உடம்புல சிவப்புத் திட்டுகள் இருந்தா வேம்பூர் ஆடு. அடர் பழுப்பு உடம்புல தலை, வயிறு, கால்ல கறுப்பு படர்ந்திருந்தா கீழக்கரிசல். மூணுமே இறைச்சிக்கான இனங்கள். உடம்புல இருக்கிறது குட்டை முடிதான், கம்பளி இல்லை. மே மாச வெயில்ல மேயுற ஆட்டுக்கு அந்த முடிதான் பாதுகாப்பு. அதை ஒட்ட வழிச்சா தோல் வெந்துபோகும், காயமும் படும்.

அப்போ யாருக்குக் கத்தரிக்கணும்?

கம்பளி ஆடுகளுக்கு ரோமம் தானா உதிராது, வளர்ந்துக்கிட்டே போகும். மெரினோ ஆடு வருஷத்துக்கு நாலஞ்சு கிலோ ரோமம் தரும். கத்தரிக்காம விட்டா என்ன ஆகும்? 2015-ல ஆஸ்திரேலியாவோட கான்பெரா பக்கத்துல மந்தையை விட்டுத் தனியா அலைஞ்ச கிறிஸ்ங்கிற ஆட்டைப் பிடிச்சாங்க. அதோட உடம்புல இருந்து எடுத்த ரோமம் மட்டும் 41.1 கிலோ! அந்த மாதிரி ஆட்டை 'அழகா இருக்கே'ன்னு நெல்லை வெயிலுக்குக் கூட்டிட்டு வந்தா, அதுக்கு அது தண்டனை.

தமிழ்நாட்டுலயும் கம்பளி ஆடு உண்டு. கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கறுப்பு ரெண்டுலயும் முரட்டு ரோமம். மலைக் குளிருக்கு நீலகிரி ஆடு. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் அதை வளர்க்குது. நெல்லையில இருந்து கிட்டப் போகணும்னா கொடைக்கானல் மன்னவனூர். மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தோட தென்மண்டல மையம் அங்கே இருக்கு, பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கலாம். கத்தரிப்பைக் கத்துக்கிற ஆசை இருந்தா, எப்போ கத்தரிப்பாங்க, பயிற்சி உண்டான்னு முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க.

கத்தரிக்கிறது எப்படி?

* முந்தின நாள் ராத்திரியே தீனியை நிறுத்திடுவாங்க. வயிறு முட்ட இருக்கிற ஆட்டை உட்காரவெச்சா மூச்சுத் திணறும்.
* ரோமம் காய்ஞ்சிருக்கணும். ஈரத்தோட மூட்டை கட்டினா கெட்டுப்போகும்.
* பொதுவா முதல்ல வயிறு, அப்புறம் கால், கழுத்து, முதுகு. மடிக்காம்பு இருக்கிற இடத்துல கையை வெச்சு மறைச்சுக்குவாங்க.
* ஒரு கை கத்தரிக்கு, இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிக்க. சுருங்கின தோல்லதான் வெட்டு விழும்.
* ரோமத்தைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. காயம் பட்டா உடனே மருந்து போடணும். இல்லைன்னா ஈ மொய்ச்சுப் புழு வெச்சிடும்.

நியூசிலாந்தோட காட்ஃப்ரே போவன் 1953-ல ஒன்பது மணி நேரத்துல 456 ஆடுகளுக்குக் கத்தரிச்சார். ஆட்டைத் திமிறாம உட்காரவைக்கத் தெரியலைன்னா அந்த வேகம் வராது. முழங்கால், தொடையாலயே பிடிச்சு, தோல் விரியற மாதிரி ஆட்டைத் திருப்புறதுதான் அவரோட முறை.

நீங்க கத்துக்க வேண்டியது இந்தப் பிடியை!

இதே பிடி நெல்லை ஆட்டுக்கும் வேணும், குளம்பு வெட்ட. மண் மெத்துனு இருக்கிற ஆற்றுப்பாசன வயல்ல குளம்பு தேயாம வளரும். நடுவுல சேறு சேர்ந்தா அழுகி, ஆடு நொண்ட ஆரம்பிக்கும்.

இடது கையால தாடைக்குக் கீழே பிடிச்சு, தலையை அதோட விலாப் பக்கம் திருப்புங்க. வலது கையால இடுப்பைப் பிடிச்சு உங்க பக்கம் சாய்ங்க. ஆடு பின்புறத்துல உட்கார்ந்து உங்க முழங்கால்ல சாய்ஞ்சிடும், கால் நாலும் தரையைத் தொடாததால அடங்கிடும். அப்புறம் குளம்போட ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க. இளஞ்சிவப்பு தெரிஞ்சா நிறுத்திடுங்க, அதுக்கு மேல போனா ரத்தம் வரும். நிறை சினை ஆட்டை இப்படி உட்காரவைக்காதீங்க. முதல் ரெண்டு மூணு தடவை ஊர்ல ஆடு மேய்க்கிற அண்ணாச்சி யாரையாவது பக்கத்துல வெச்சுக்கோங்க.

கம்பளி இல்லைன்னா லாபம் என்ன?

கிடை! அறுவடை முடிஞ்ச வயல்ல ராத்திரி ஆடுகளை அடைச்சுவெச்சா, புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதுக்குப் பணமோ நெல்லோ வாங்குறது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன் 'கிடை'ன்னே ஒரு குறுநாவல் எழுதியிருக்கார். உங்க நாலு ஆட்டுக்கு, உங்க காய்கறிப் பாத்தியே போதும்.

மழைக்கு முன்னாடி நீலநாக்கு நோய்க்கும், ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருந்தகத்துல கேட்டுடுங்க. ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு. அவசரம்னா 1962-க்கு போன் பண்ணுங்க.

ஆட்டை வாங்கப் போறப்போ முதுகுல கையை வெச்சு முடியை விலக்கிப் பாருங்க. குட்டை முடியா இருந்தா கத்தரிக் காசு மிச்சம். அந்தக் காசுல ஒரு நல்ல குளம்பு வெட்டி வாங்கிக்கோங்க!