மேலதிகாரிக்கான பாடம் பிறந்த கதை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். அங்குள்ள திருமாகறலீசுவரர் கோயிலின் தலவரலாற்றில் ஒரு பலாமரம் வருகிறது. நாளுக்கு ஒரு பழம் தரும் அதிசய மரம். அந்தப் பழத்தைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் நடராஜருக்குப் படைத்து, பிறகு தன்னிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது ராஜேந்திர சோழனின் ஆணை. ஊரார் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துச் சுமந்தார்கள். ஒரு வீட்டின் முறை வந்தபோது, அந்த வீட்டுச் சிறுவன் மரத்தையே கொளுத்திவிட்டான். ஏன் என்று அரசன் கேட்டான். பழத்தைக் கொண்டுசேர்க்க நல்ல வழி செய்யவேண்டியது அரசன் கடமை, அதைச் செய்யாமல் குடிகளை வதைப்பது நியாயமில்லை என்றான் சிறுவன்.

கதையின் முடிவில் இறைவன் பொன் உடும்பாகக் காட்சி தருகிறார்; பக்தர்கள் அந்த அற்புதத்துக்காகத்தான் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சிறுவனின் பதில்தான் பெரிதாகப் படுகிறது. மேலே இருப்பவர் இடும் ஒரு வரி உத்தரவு, கீழே இருப்பவர் தோளில் என்ன எடையாக இறங்குகிறது என்று கேட்ட பதில் அது. காக்கிச் சட்டை போட்ட மேலதிகாரிக்கு நிர்வாகத்தையும் அறநெறியையும் பாடமாகச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் பிறந்து வளர்ந்ததும் இதே கேள்வியிலிருந்துதான். ஒவ்வொரு முறையும் யாரோ வதைபட்ட பிறகுதான் அந்தப் பாடத்தில் ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது.

முதல் பக்கம் 1855. அன்றைய சென்னை மாகாணத்தில் வரி வாங்குபவரும் போலீஸ் அதிகாரம் வைத்திருப்பவரும் ஒரே ஆள், தாசில்தார். வரி கட்டாதவனுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனுக்கும் ஒரே மருந்து. கிட்டி என்று ஒன்று இருந்தது: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்று இன்னொன்று: உடம்பை வளைத்துக் கட்டி, அப்படியே மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்துவது. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் அவர் முன்னின்று நடத்திய சென்னை சுதேசி சங்கமும் இதை லண்டன் பாராளுமன்றத்தின் காதுவரை கொண்டுபோனார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. கொடுமை நடப்பது உண்மை என்று அது 1855-ல் அறிக்கை தந்தது. நம் ஊர்ச் சொற்களான கிட்டியும் அண்ணாந்தாளும் ஆங்கிலேயரின் அரசு ஆவணத்தில் ஏறியது அப்படித்தான்.

அதன் விளைவு 1859-ன் 24-வது சட்டம். வருவாய்த்துறையிடமிருந்து போலீஸைப் பிரித்துத் தனித்துறையாக்கி, மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட் வைத்தார்கள். ராபின்சன் என்பவர் தலைமைப் பொறுப்பேற்றார். மேற்பார்வை என்பது ஒரு தனி வேலை என்று அன்றுதான் ஏட்டில் எழுதப்பட்டது. ஆனால் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. கவாத்து தெரிந்தால் போதும், குரல் கனமாக இருந்தால் போதும் என்று நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

1902-03-ல் ஃப்ரேசர் கமிஷன் நாடு முழுக்க விசாரித்துவிட்டு எழுதியதில், பயிற்சி குறைவு, மேற்பார்வை போதாது, மக்கள் பார்வையில் போலீஸ் என்றால் லஞ்சமும் கொடுமையும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து, மாகாணப் பள்ளியில் படிக்கவைத்து ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்ற யோசனை அங்கேதான் வலுப்பெற்றது. நம் பக்கத்தில் வேலூர்க் கோட்டை அதற்குப் பேர்போன இடமானது. தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், நிலையாணை, கவாத்து எல்லாம் இருந்தன. ஸ்டேஷனில் தனக்குக் கீழே இருக்கும் ஆட்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் பாடம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் மவுன்ட் அபுவில் மத்தியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. ஐ.பி.எஸ். அதிகாரிகள் அங்கே பயின்றார்கள். அதுவே பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து சர்தார் படேல் பெயர் தாங்கிய அகாடமி ஆனது. பிரிட்டனில் மேலதிகாரிகளுக்கென்று தனிக் கல்லூரி திறந்ததும் அதே 1948-ல்தான். 1960-ல் நம் நாட்டு ஐ.ஜி.க்கள் மாநாடு கூடிப் போலீஸுக்கான நடத்தை நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டது. நல்ல வாசகங்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

பாடத்திட்டத்தை உண்மையில் திருப்பிப்போட்டது 1971-ல் அமைந்த கோரே குழு. எம்.எஸ். கோரே போலீஸ்காரர் அல்ல, சமூகவியலாளர். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். ஒரு வெளியாளிடம் இந்த வேலையைக் கொடுத்ததே பெரிய காரியம் என்பேன். 1973-ல் வந்த அவர் குழுவின் அறிக்கை, போலீஸின் மனப்பான்மை மாறவேண்டும், மனித நடத்தை பற்றியும் நிர்வாகம் பற்றியும் அதிகாரிகள் முறையாகப் படிக்கவேண்டும் என்றது. பின்னாலேயே 1977-ல் தர்ம வீரா தலைமையில் தேசிய போலீஸ் கமிஷன். அதன் உறுப்பினர்-செயலர் தமிழ்நாட்டு அதிகாரி சி.வி. நரசிம்மன். 1979-ல் வந்த முதல் அறிக்கை பேசியது யாரைப் பற்றி என்றால், கடைசிப் படியில் நிற்கும் கான்ஸ்டபிளைப் பற்றி. அவருடைய வேலை நேரம், குடியிருப்பு, அதிகாரி வீட்டில் அவர் செய்யும் ஆர்டர்லி வேலை.

அதே 1979-ல் தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறையை ஒழித்து அரசாணை வந்தது. அதே ஆண்டுதான் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். நாற்பது வருடம் கழித்து, 2019-ல் அவர் மறுபடி எழுந்தருளியபோது ஆர்டர்லி இன்னும் ஒழிந்திருக்கவில்லை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது.

2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த அந்த 48 நாட்களைக் கண்ணால் பார்த்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நிர்வாகம் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பல மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த போலீஸார் விடியுமுன் நின்றவர்கள் இரவு வரை நின்றார்கள். கல்யாண மண்டபத் தரையில் படுத்து எழுந்தார்கள். ஜூலை 18 அன்று நெரிசலில் நால்வர் உயிரிழந்தார்கள். ஆகஸ்டில் ஒரு இன்ஸ்பெக்டரை மாவட்டத்தின் உயர் அதிகாரி பலர் முன்னால் கடிந்துகொண்ட வீடியோ ஊரெல்லாம் பரவி, மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மேலிருந்து இறங்கும் கோபம் எங்கே போய் முடியும் என்று நினைத்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் எஸ்.ஐ.யிடம் காட்டுவார், எஸ்.ஐ. ஏட்டிடம் காட்டுவார். ஏட்டுக்குக் கீழே யாருமில்லை, வரிசையில் நிற்கும் கிழவிதான் இருக்கிறாள்.

மாகறல் போன்ற கிராமத்து ஸ்டேஷனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காலை ரோல்கால். ஒருவர் கோர்ட் டூட்டி, ஒருவர் தபால், இருவர் காஞ்சிபுரத்துக்குப் பந்தோபஸ்து. மிச்சமிருப்பவர்களில் இரவு ரோந்து முடித்து வந்த ஒருவரையே பாராவில் நிறுத்துகிறார் எஸ்.ஐ. பத்து மணிக்குப் பட்டுத்தறிக்காரர் ஒருவர் புகார் எழுதிக்கொண்டு வருகிறார். பாராக்காரர் எரிந்து விழுகிறார். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டால் நாளை வா என்கிறார். புகார் கொடுத்தவருக்கு இது போலீஸின் குணம் என்று தோன்றும். அன்று காலை டூட்டி போட்ட கையிலும் பாதித் தவறு இருக்கிறது என்பதுதான் நிர்வாகப் படிப்பு மேலதிகாரிக்குக் காட்டித்தர வேண்டியது. தூக்கமில்லாத ஆளிடம் பொறுமையை எதிர்பார்த்து, பிறகு அவருக்கே மெமோ கொடுப்பது மேற்பார்வை ஆகாது.

படிப்பு ஒருவரின் பணி வாழ்வை எப்படி வளைக்கும் என்பதற்குக் காஞ்சிபுரத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவர் இருக்கிறார். 1991-ல் காஞ்சிபுரம் ஏ.எஸ்.பி.யாக இருந்தவர் பிரதீப் வி. பிலிப். மே 21 இரவு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து உயிர் தப்பினார். இரண்டு வருடம் கழித்து ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது, 1993-ல், ‘போலீஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்கள் தன்னார்வமாக ரோந்திலும் கூட்ட ஒழுங்கிலும் போலீஸோடு சேர்ந்து நிற்பார்கள். மக்களைக் கண்டால் போலீஸுக்கும், போலீஸைக் கண்டால் மக்களுக்கும் உள்ள பயம் குறையும் என்பது எண்ணம். மாநிலம் முழுக்கப் பரவியது. 2002-ல் போலீஸ் பயிற்சியில் புதுமைக்கான பிரிட்டிஷ் அரசியின் விருதும் அவருக்குக் கிடைத்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் தலைமைப் பண்பு குறித்த உதவித்தொகைப் படிப்பும் முடித்தார். 2021 செப்டம்பர் 30 அன்று பயிற்சிப் பிரிவு டி.ஜி.பி.யாக ஓய்வுபெற்றார். குண்டுவெடிப்பு வழக்கில் சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருந்த, ரத்தக் கறை படிந்த தன் தொப்பியையும் பெயர்ப்பட்டையையும் அன்று அணிந்துகொள்ள நீதிமன்றம் அனுமதி தந்தது.

ஆனால் அவர் ஓய்வுபெறுமுன்பே அவர் உருவாக்கிய அமைப்பு தடைசெய்யப்பட்டுவிட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸாரின் பிடியில் அடிபட்டுத் தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். போலீஸ் நண்பர்கள் சிலருக்கும் அதில் பங்கிருந்ததாகக் குற்றச்சாட்டு எழ, ஜூலையில் அரசு தடை போட்டது. அந்தத் தன்னார்வலர்கள் யாருடைய கண்காணிப்பில் இருந்தார்கள், யார் அவர்களுக்குப் பொறுப்பு என்பது அந்தந்த ஸ்டேஷன் அதிகாரியின் குணத்தை நம்பி விடப்பட்டிருந்தால், எவ்வளவு நல்ல யோசனையும் அப்படித்தான் முடியும்.

சாத்தான்குளத்தில் என் மனதை விட்டு அகலாதது இன்னொன்று. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனிலேயே அவமதித்தார்கள். கூடுதல் எஸ்.பி.யும் டி.எஸ்.பி.யும் அங்கேயே இருந்தார்கள். கற்றறிந்த மேற்பார்வையாளர்கள். நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னவர் அவர்களுக்கு எத்தனையோ படி கீழே இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்போது ஒரு உத்தரவு போட்டது: அந்த ஸ்டேஷனை வருவாய்த்துறை தன் கட்டுப்பாட்டில் எடுக்கட்டும். சித்திரவதைக்காக வருவாய்த்துறையிடமிருந்து போலீஸைப் பிரித்தது 1859. சித்திரவதைக்காகவே ஒரு ஸ்டேஷனைத் திரும்ப வருவாய்த்துறையிடம் ஒப்படைத்தது 2020. நூற்றறுபது வருடப் பயிற்சிக்கு இதைவிடக் கடுமையான மதிப்பெண் இருக்க முடியாது.

படிப்பு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி அகாடமியில் இன்று எஸ்.ஐ.க்களும் டி.எஸ்.பி.க்களும் மனித உரிமையும் மன அழுத்தமும் படிக்கிறார்கள். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது விதிகள் அவர்களுக்கு மனப்பாடம். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குப் பணி நடுவிலும் கட்டாயப் பயிற்சி வந்து, பதவி உயர்வோடு இணைந்தது. 2021-ல் தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு வார விடுமுறை அறிவிக்கப்பட்டது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரிக்கு மாற்றல் என்றால் ‘டம்மி போஸ்ட்’ என்று சக அதிகாரிகள் துக்கம் விசாரிக்கிற துறை இது. சொல்லிக்கொடுப்பவரே தண்டனைக்கு வந்தவர் என்றால் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் அதை எந்த மனதோடு கேட்பார்?

மாகறல் சாலையின் மறுமுனையில் உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. பராந்தகன் காலத்தது, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊரை நிர்வகித்த வாரியத்தில் பதவி வகித்து, கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் மறுபடி தேர்வுக்கு வரக்கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. ஒரு இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி. ஆகும்போது இப்படி ஒரு கணக்கைக் கேட்டால் என்ன? எத்தனை வழக்கு முடித்தார் என்பதை இப்போதே கேட்கிறார்கள். அவர் ஸ்டேஷனில் எத்தனை காவலர்களுக்கு வார விடுமுறை உண்மையாகவே கிடைத்தது, எத்தனை புகார்களுக்கு அன்றே ரசீது போனது, லாக்கப்பில் இருந்தவரை டாக்டர் எப்போது பார்த்தார், இவரைப் பற்றி இவருக்குக் கீழே வேலை பார்த்த ஏட்டு எழுதிக்கொடுத்தது என்ன என்று நாலு பத்தி அந்தக் கோப்பில் இருக்கட்டும். ஊனமாஞ்சேரியில் படித்ததை அப்போது யாரும் மறக்க மாட்டார்கள்.