பார்க்கின்சன் நோய்: மரபணு, புரத மாற்றங்கள்

நடுமூளையின் கருந்திட்டுப் பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகும் நோய். கைகால் நடுக்கம், தசை விறைப்பு, அசைவில் மந்தம் ஆகியவை முதன்மை அறிகுறிகள். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதை விவரித்தார்.

புரதம்: பாதிக்கப்பட்ட செல்களில் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்னும் புரதம் வடிவம் பிறழ்ந்து, இழைகளாகத் திரண்டு படிகிறது. இத்திரள்களுக்கு லூயி உருண்டைகள் என்று பெயர். நரம்பியல் மருத்துவர் ஃபிரெடரிக் லூயி 1912இல் இவற்றை விவரித்தார். இவற்றில் இப்புரதம் இருப்பது 1997இல் தெரியவந்தது.

மரபணு: அதே ஆண்டு, இப்புரதத்துக்கான எஸ்.என்.சி.ஏ. மரபணுவில் ஏற்படும் பிறழ்வு பரம்பரை பார்க்கின்சனுக்குக் காரணமாகலாம் என்று இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை பிங்க்1 புரதம் அடையாளமிட, பார்க்கின் புரதம் அகற்றத்துக்கு அனுப்புகிறது. இவ்விரு புரதங்களுள் ஒன்றின் மரபணு செயலிழந்தாலும் இளவயதிலேயே நோய் தோன்றலாம். எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ.1 மரபணுக்களின் பிறழ்வுகள் செல்லின் கழிவகற்றும் லைசோசோம்களைப் பாதிக்கின்றன. எனினும் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒற்றை மரபணுக் காரணம் இல்லை.

கொச்சியும் சென்னையும்: இந்நோய்க்கு மருந்தாகும், டோபமைனின் முன்பொருளான லெவோடோபா, பூனைக்காலிக் கொடியின் விதையில் மிகுதி. கொச்சியின் டச்சு அதிகாரி வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ (1678–1693) நூலில் இக்கொடி ‘நாய்க்கொரணா’ என்ற மலையாளப் பெயரில் இடம்பெற்றுள்ளது. 1937இல் சென்னை சேப்பாக்கத்தில் ஆய்வாளர்கள் தாமோதரன், ராமசாமி இருவரும் அவ்விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். 1960களில் அது மருந்தாயிற்று. டோபமைன் குறைவை அது ஈடுசெய்யும். புரதத் திரட்சியைத் தடுக்காது.