ஆஸ்திரேலியக் கட்டாயப் படைச்சேர்ப்பு வாக்கெடுப்புகள் (1916, 1917)

முதல் உலகப் போரின்போது, ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துக் கடல்கடந்த போர்முனைக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசுக்குத் தரலாமா என்று ஆஸ்திரேலிய மக்களிடம் இருமுறை கேட்கப்பட்டது. 1916 அக்டோபர் 28 அன்றும் 1917 டிசம்பர் 20 அன்றும் நடந்த அந்த இரு வாக்கெடுப்புகளிலும் மக்கள் மறுத்தே வாக்களித்தனர். பிரதமரும் பெரும்பாலான நாளிதழ்களும் வணிக அமைப்புகளும் புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைவர்களும் ஆதரவுப் பக்கம் நின்றனர். தணிக்கை அதிகாரமும் அரசின் கையிலேயே இருந்தது. அவ்வளவும் இருந்தும் அரசு தோற்றது. அந்த வாதம் ஆளுங்கட்சியை உடைத்தது. சமயப் பிரிவுகளுக்கு இடையே நெடுங்காலப் பகையை விதைத்தது. போர்க்காலத்தில் பேச்சுரிமையின் எல்லை எது என்ற கேள்வியையும் எழுப்பியது.

பின்னணி

1901இல் ஒன்றியமான ஆஸ்திரேலியா, 1903இல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நாட்டுக்குள் தற்காப்புக்காகக் குடிமக்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்க அச்சட்டம் இடமளித்தது. நாட்டுக்கு வெளியே அனுப்ப இடமளிக்கவில்லை. 1911 முதல் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கட்டாயப் படைப்பயிற்சி நடைமுறைக்கு வந்தது. ஆகவே கட்டாயம் என்பது ஆஸ்திரேலியருக்குப் புதிதன்று. பிறநாட்டு மண்ணில் போரிடவும் கட்டாயப்படுத்தலாமா என்பதே கேள்வியாக எழுந்தது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பிரிட்டனுக்கான ஆதரவு நாடெங்கும் பெருகியிருந்தது. அயல்நாட்டில் போரிட 'ஆஸ்திரேலிய ஏகாதிபத்தியப் படை' முழுக்கத் தொண்டர்களைக் கொண்டே திரட்டப்பட்டது. 1915 ஏப்ரல் 25 அன்று அப்படை துருக்கியின் கலிபோலியில் இறங்கியது. அங்கே 8,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் மாண்டனர். இழப்புச் செய்திகள் முதலில் ஆள்சேர்ப்பைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தன. 1915 ஜூலையில் மட்டும் 36,575 பேர் சேர்ந்தனர். ஓராண்டு கழித்து, 1916 ஜூலையில், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 6,000 ஆகச் சரிந்தது.

அதே மாதம் படையின் பெரும்பகுதி பிரான்சின் மேற்குப் போர்முனையில் இறங்கியிருந்தது. ஜூலை 19 மாலை தொடங்கிய ஃப்ரோமெல் தாக்குதலில் ஒரே நாளுக்குள் 5,533 ஆஸ்திரேலியர் கொல்லப்பட்டோ காயமுற்றோ சிறைப்பட்டோ போயினர். பின்னர் போசியேர் பகுதியில் ஏழு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் ஏறத்தாழ 23,000 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். தொண்டர்களைக் கொண்டு மட்டும் படையணிகளை நிரப்ப முடியாது என்ற வாதம் இந்த இழப்புகளிலிருந்து வலுப்பெற்றது.

ஹியூஸின் முடிவு

தொழிலாளர் கட்சித் தலைவரான வில்லியம் மோரிஸ் ஹியூஸ் 1915 அக்டோபரில் பிரதமரானார். 1916இன் முற்பகுதியில் பிரிட்டனுக்குச் சென்ற அவர், அங்கு நடைமுறைக்கு வந்திருந்த கட்டாயப் படைச்சேர்ப்பை நேரில் கண்டார். போர்முனை வீரர்களையும் சந்தித்தார். நியூசிலாந்தும் அவ்வாண்டு அத்தகைய சட்டத்தை இயற்றியது. ஜூலை இறுதியில் நாடு திரும்பியபோது, ஆஸ்திரேலியாவும் அவ்வழியே செல்ல வேண்டும் என்பதில் ஹியூஸ் உறுதியாக இருந்தார்.

நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தின் மூலமே அவர் இதைச் செய்திருக்க முடியும். அரசியலமைப்பு அதற்குத் தடையாக இல்லை. ஆனால் அவருடைய சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வலுவாக இருந்தது. செனட் சபையில் சட்டம் நிறைவேறாது என்பது தெளிவாயிற்று. ஆகவே மக்களிடமே கேட்டு, அவர்களின் இசைவைக் கொண்டு கட்சியைப் பணியவைக்க அவர் முடிவெடுத்தார். இதனால் இவை அரசியலமைப்பைத் திருத்தும் வாக்கெடுப்புகள் அல்ல. மக்கள் கருத்தை அறியும் வாக்கெடுப்புகளே.

வாக்கெடுப்பில் வெற்றி உறுதி என்று நம்பிய அரசு, 1916 செப்டம்பர் இறுதியிலேயே 21 முதல் 35 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களை உள்நாட்டுச் சேவைக்கு அழைத்தது. அழைக்கப்பட்டவர்களின் கைரேகை எடுக்கப்பட்டது. மக்கள் இன்னும் தீர்ப்பளிக்காத ஒன்றை அரசு முன்கூட்டியே நடத்துகிறது என்ற சினம் இதனால் பரவியது.

இரு தரப்புகள்

ஆதரவுத் தரப்பின் முதன்மை வாதம் கடமையும் சமநீதியும் ஆகும். துணிந்தவர் மட்டும் செத்துக்கொண்டிருக்க மற்றவர் வீட்டில் இருப்பது நியாயமன்று. பேரரசு தோற்றால் ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பும் போய்விடும். முன்னே சென்ற வீரர்களைத் துணையின்றிக் கைவிடுவது துரோகம் என்று அவர்கள் வாதிட்டனர்.

எதிர்ப்புத் தரப்பு ஒரே அணியாக இருக்கவில்லை. தொழிற்சங்கங்கள், படைச்சேர்ப்பைத் தொடர்ந்து ஆலைகளிலும் கட்டாய உழைப்பு வரும் என்று அஞ்சின. 'மனிதரைக் கட்டாயப்படுத்தும் அரசு செல்வத்தை ஏன் கட்டாயப்படுத்தவில்லை' என்று அவை கேட்டன. விலைவாசி ஏற்றமும் போர்க்கால ஆதாயமும் அக்கேள்விக்கு வலுவூட்டின. அறுவடைக்கு ஆளில்லாமல் போகும் என்று உழவர்களில் பலர் கவலைப்பட்டனர். போரையே எதிர்த்த சமாதான இயக்கத்தினரும், போரை ஆதரித்தாலும் கட்டாயத்தை ஏற்காதவர்களும் ஒரே வாக்கை அளித்தனர்.

மெல்பர்னில் வைடா கோல்ட்ஸ்டீன் தொடங்கிய மகளிர் சமாதானப் படையும், பிரிட்டனிலிருந்து வந்து அதில் இணைந்த அடேலா பாங்க்ஹர்ஸ்டும் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் முன்னின்றனர். பின்னாளில் பிரதமரான ஜான் கர்டின், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு இயக்கத்துக்குச் செயலாளராக இருந்தார். அழைப்பாணைக்கு இணங்காததற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தார்.

ஐரிஷ் கத்தோலிக்கரின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. 1916 ஏப்ரலில் பிரிட்டனின் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தின் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியை அது ஒடுக்கிய விதம் அவர்களைக் கசப்புறச் செய்தது. மெல்பர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸ் கட்டாயப் படைச்சேர்ப்பை வெளிப்படையாக எதிர்த்தார். 1916இல் அவர் அதுபற்றிப் பேசியது மிகக் குறைவு. 1917இல் போரை வணிகப் போட்டியின் விளைவு என்று குறிப்பிட்டபின் அவர் எதிர்ப்பின் முகமாகவே கருதப்பட்டார். கத்தோலிக்கர் அனைவரும் எதிர்த்தனர் என்றோ புராட்டஸ்டன்ட் பிரிவினர் அனைவரும் ஆதரித்தனர் என்றோ கொள்வது தவறு. ஆனால் அன்றைய பரப்புரை அப்படியே சித்திரித்தது.

பரப்புரையின் வழிகள்

மக்கள்தொகை ஐம்பது லட்சத்தையும் எட்டாத நாட்டில் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் மிகப் பெரும் எண்ணிக்கையில் அச்சாயின. பெண்களுக்கு 1902 முதல் ஒன்றிய அளவில் வாக்குரிமை இருந்ததால், இரு தரப்புகளும் தாய்மாரைக் குறிவைத்தன. ஆதரவுத் தரப்பு, ஜெர்மன் வீரர்கள் பெல்ஜியத்தில் செய்த கொடுமைகளைக் காட்டி, மகனை அனுப்ப மறுக்கும் தாய் பிற தாய்மாரைக் கைவிடுகிறாள் என்றது. எதிர்ப்புத் தரப்பின் புகழ்பெற்ற துண்டறிக்கை 'இரத்த வாக்கு' என்பதாகும். தன் வாக்கால் முகமறியா ஒருவனுக்கு மரண தண்டனை விதித்துவிட்டேனே என்று ஒரு தாய் வருந்துவதாக அதன் கவிதை அமைந்தது. தொழிலாளர் இதழொன்றின் கேலிச்சித்திரக்காரர் கிளாட் மார்கே அதற்குப் படம் வரைந்தார். ஓவியர் நார்மன் லிண்ட்சே ஆதரவுப் பக்கத்தில் அரசுக்காக வரைந்தார். இரத்தம் வழியும் கைகளுடன் உலகைப் பற்றும் அரக்கனாக ஜெர்மனியைக் காட்டும் அவருடைய 1918ஆம் ஆண்டுச் சுவரொட்டி பரவலாக அறியப்பட்டது.

இரு தரப்புகளும் இனவெறியைக் கருவியாக்கின. ஐரோப்பியர் அல்லாதோர் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையை அன்று பெரும்பாலான கட்சியினர் ஏற்றிருந்தனர். வெள்ளையர் போருக்குப் போனால் அவர்களின் வேலைக்கு வெளிநாட்டுக் கூலியாட்கள் இறக்கப்படுவர் என்று எதிர்ப்பாளர்கள் எச்சரித்தனர். 1916இல் மால்டா தீவிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுடன் 'காஞ்' என்ற கப்பல் வந்தபோது அந்த அச்சம் உச்சத்தை எட்டியது. மால்டா மக்கள் பிரிட்டனின் குடிகளாக இருந்தும், அவர்களுக்கு டச்சு மொழியில் எழுத்துத்தேர்வு வைத்து, தேறவில்லை என்று அரசு திருப்பி அனுப்பியது. வாக்கெடுப்பில் தோற்கக்கூடாது என்ற கணக்குக்கு அந்தத் தொழிலாளர்கள் பலியாயினர். பூர்வகுடிகளில் பெரும்பாலோருக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்கே இல்லை.

தணிக்கையும் ஒடுக்குமுறையும்

1914ஆம் ஆண்டுப் போர்க்கால முன்னெச்சரிக்கைச் சட்டம் அரசுக்கு மிகப் பரந்த அதிகாரம் அளித்தது. ஆள்சேர்ப்புக்கு ஊறு செய்யும் பேச்சும் எழுத்தும் குற்றமாயின. எதிர்ப்பாளர்களின் அறிக்கைகள் பறிமுதலாயின, அச்சகங்கள் சோதனையிடப்பட்டன. ஆதரவுத் தரப்பின் பிரசுரங்களுக்கு அத்தகைய தடை எழவில்லை. முதலாளித்துவத்தையும் போரையும் ஒருங்கே எதிர்த்த 'உலகத் தொழிலாளர்' அமைப்பின் டாம் பார்க்கர், முதலாளிகளும் அரசியல்வாதிகளும் முதலில் பதுங்குகுழிக்குச் செல்லட்டும் என்ற பொருளில் ஒரு சுவரொட்டி வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார். அவ்வமைப்பின் பன்னிருவர் சிட்னியில் சிறைப்பட்டனர். 1916 டிசம்பரில் அவ்வமைப்பையே குறிவைத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

முதல் வாக்கெடுப்பு

வாக்களிப்புக்கு முந்தைய நாள் அரசுக்குள்ளேயே உடைவு ஏற்பட்டது. படைக்கு அழைக்கப்பட்ட வயதினர் வாக்குச்சாவடிக்கு வந்தால், அழைப்பாணைக்கு இணங்கினார்களா என்று விசாரிக்க வேண்டும் என ஹியூஸ் ஓர் ஆணை பிறப்பிக்க முயன்றார். இது வாக்காளரை அச்சுறுத்துவதாகும் என்று கூறி நிதியமைச்சர் வில்லியம் ஹிக்ஸ் உட்பட அமைச்சர்கள் மூவர் விலகினர்.

ஆதரவாக 10,87,557 வாக்குகளும் எதிராக 11,60,033 வாக்குகளும் பதிவாயின, வேறுபாடு 72,476. விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகிய மாநிலங்கள் ஆதரித்தன. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவை மறுத்தன. படைவீரர்களின் வாக்கு பலருக்கும் வியப்பளித்தது. அவர்களில் 72,399 பேர் ஆதரித்தனர். 58,894 பேர் மறுத்தனர். தாம் கண்ட கொடுமைக்குள் விருப்பமில்லாத ஒருவரை இழுத்துவர அவ்வீரர்களில் பலர் மனம் ஒப்பவில்லை.

நவம்பர் 14 அன்று தொழிலாளர் கட்சிக் கூட்டத்தில் ஹியூஸ்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் எழுந்தபோது, அவர் தம் ஆதரவாளர்களுடன் வெளியேறினார். பின்னர் எதிர்க்கட்சியான லிபரல்களுடன் இணைந்து தேசியவாதக் கட்சியை அமைத்து, 1917 மே தேர்தலில் பெருவெற்றி பெற்றார். கட்டாயத்தை மறுத்த மக்கள், போரைத் தொடரும் அரசைத் தேர்ந்தெடுத்தனர்.

இரண்டாம் வாக்கெடுப்பு

1917இன் பிற்பகுதியில் பெல்ஜியத்தில் நடந்த மூன்றாம் ஈப்ர போரில் ஏறத்தாழ 38,000 ஆஸ்திரேலியர் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். தொண்டர் எண்ணிக்கை மாதம் 3,000க்கும் கீழே போயிற்று. மாதம் 7,000 பேர் தேவை; குறைவதை 20 முதல் 44 வயது வரையுள்ள மணமாகாதவர்களிடையே சீட்டுக் குலுக்கி நிரப்புவோம் என்று அரசு அறிவித்தது. வாக்குச்சீட்டில் 'கட்டாயம்' என்ற சொல்லே இல்லை. கடல்கடந்த படைக்கு வலுவூட்டும் அரசின் திட்டத்துக்கு இசைவா என்று மட்டுமே கேட்கப்பட்டது. இந்த அதிகாரம் கிடைக்காவிட்டால் ஆட்சியில் தொடரமாட்டேன் என்று ஹியூஸ் உறுதியளித்தார். பகைநாடுகளில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களில் பலரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.

எதிர்த்து நின்ற ஒரே மாநில முதல்வர் குயின்ஸ்லாந்தின் டி. ஜே. ரயன். அவருடைய உரையில் தணிக்கையாளர் வெட்டிய பகுதிகளைச் சட்டமன்றத்தில் பேசி, அவைக்குறிப்பின் வழியே அவர் அச்சேற்றினார். நவம்பர் இறுதியில் ஹியூஸின் ஆணைப்படி பிரிஸ்பேன் அரசு அச்சகத்துக்குள் படையினர் இரவில் புகுந்து அப்பிரதிகளைக் கைப்பற்றினர். மாநிலச் சட்டமன்றத்தின் குறிப்பையே ஒன்றிய அரசு தணிக்கை செய்தது. நவம்பர் 29 அன்று வார்விக் ரயில்நிலையத்தில் ஹியூஸ்மீது முட்டை வீசப்பட்டது. வீசியவரைக் கைதுசெய்யச் சொன்ன பிரதமரிடம், தாம் மாநிலச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவர் என்று உள்ளூர்க் காவலர் மறுத்தார். அதன் விளைவாக ஒன்றிய அரசுக்கெனத் தனிக் காவற்படை ஒன்று அமைக்கப்பட்டது.

டிசம்பர் 20 முடிவில் ஆதரவு 10,15,159 ஆகக் குறைந்தது. எதிர்ப்பு 11,81,747 ஆக உயர்ந்தது. விக்டோரியாவும் மறுப்புப் பக்கம் சாய்ந்தது. ஹியூஸ் 1918 ஜனவரியில் பதவி விலகினார். வேறொருவரால் ஆட்சி அமைக்க இயலாததால் தலைமை ஆளுநர் மீண்டும் அவரையே அழைத்தார்.

விளைவுகள்

ஆஸ்திரேலியப் படை போர் முடியும்வரை தொண்டர் படையாகவே இருந்தது. மொத்தம் 4,16,809 பேர் சேர்ந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். தொழிலாளர் கட்சி 1929 வரை ஒன்றிய ஆட்சிக்குத் திரும்பவில்லை. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கும் இடையிலான பிளவு வேலைவாய்ப்பு, திருமணம், கட்சிச் சார்பு ஆகியவற்றில் ஒரு தலைமுறைக்கும் மேல் நீடித்தது.

தோல்விக்கான காரணத்தை வரலாற்றாசிரியர்கள் பலவாறு மதிப்பிட்டுள்ளனர். ஐரிஷ் கத்தோலிக்கரை மட்டும் காரணமாக்கிய பழைய விளக்கம் எண்ணிக்கைக்குப் பொருந்தவில்லை; அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. தொழிலாளர், உழவர், தாய்மார் எனப் பல பிரிவினரின் வெவ்வேறு தயக்கங்கள் ஒரே பெட்டியில் வாக்காகச் சேர்ந்தன என்பதே பொருத்தமான விளக்கம். அரசின் அடக்குமுறையும் அத்தயக்கங்களை வளர்த்தது.

பிற்காலம்

இதன்பின் எந்த ஆஸ்திரேலிய அரசும் இக்கேள்வியை மக்கள் வாக்குக்கு விடவில்லை. 1916இல் எதிர்த்துச் சிறைசென்ற கர்டினே, ஜப்பானியப் படையெடுப்பு அச்சம் நிலவிய 1943இல், பிரதமராக, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களைத் தென்மேற்குப் பசிபிக்கின் ஒரு பகுதிக்கு அனுப்பச் சட்டம் கொண்டுவந்தார். 1964இல் பிரதமர் மென்சீஸின் அரசு, 20 வயதினரைப் பிறந்தநாள் குலுக்கல்வழியே தேர்ந்தெடுக்கும் தேசியச் சேவைத் திட்டத்தை நாடாளுமன்றத்தின் மூலம் நிறைவேற்றியது. அவ்வாறு சேர்க்கப்பட்டோரில் 15,000க்கும் மேற்பட்டோர் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டனர். மகன்களைக் காக்கும் அன்னையர் இயக்கமும், 1970 மே மாதம் மெல்பர்ன் தெருக்களை நிறைத்த பேரணியும் அதை எதிர்த்தன. 1972 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த பிரதமர் விட்லமின் அரசு கட்டாயச் சேவையை நிறுத்தியது. போர்க்காலத்தில் கட்டாய அழைப்பு விடுக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. அதே திருத்தம், குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் மனச்சான்றின் பேரில் மறுக்கும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது.