கட்டாயத் தீர்ப்பை நம்பாத தொழிலாளர் அமைச்சர்

வி. வி. கிரி என்றதும் 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலே பலர் நினைவுக்கு வரும். பெங்களூரில் வாழ்வோர், 1965 முதல் 1967 வரை அவர் மைசூர் மாநில ஆளுநராக இந்நகரில் இருந்ததையும் குறிப்பிடலாம். ஆனால் தொழிலாளர் வரலாறு பயில்வோர் முதலில் கவனிக்க வேண்டியவர், 1937இல் சென்னை மாகாண அமைச்சரான கிரி.

1894இல் பெர்காம்பூரில் பிறந்த அவர், டப்ளினில் சட்டம் பயின்று 1916இல் நாடு திரும்பினார். வங்காள-நாகபுரி இரயில்வேத் தொழிலாளரிடையே ஆற்றிய சங்கப் பணியே அவருடைய அரசியலுக்கு அடித்தளம். 1926இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவரானார். 1937 தேர்தலில், மாகாணப் பிரதமராக இருந்த நீதிக்கட்சியின் பொப்பிலி அரசரை அவரது சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார். இராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையும் தொழில் துறையும் அவர் பொறுப்பில் வந்தன.

அதுவரை அரசிடம் கோரிக்கை வைத்தவர், இப்போது அரசாகவே அமர்ந்தார். அவர் கையில் இருந்த கருவியோ 1929ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். அதன்படி விசாரணை மன்றமோ சமரசக் குழுவோ அமைக்கலாம். அவற்றின் முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது. கோவை நூற்பாலைத் தகராறில் அத்தகைய விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அதே காலத்தில் பம்பாயின் காங்கிரஸ் அரசு 1938இல் வேறு வழியில் சென்றது. சமரச நடைமுறை முடியுமுன் செய்யும் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கியது. அதை எதிர்த்து அவ்வாண்டு நவம்பர் 7 அன்று நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியோரில் அம்பேத்கரும் ஒருவர். ஒரே கட்சி ஆண்ட இரு மாகாணங்களின் தொழிலாளர் கொள்கையை ஒன்றாகக் கருதிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

‘கூட்டுப்பேரம்’ என்னும் கலைச்சொல்லில் உள்ள ‘பேரம்’ சந்தைக்குரியது; இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்கின்றன. ‘தீர்ப்பு’ என்னும் சொல்லிலோ மூன்றாமவர் ஒருவர் மேலே அமர்ந்திருக்கிறார். கிரி முன்னதன் பக்கம் நின்றவர். 1952இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சரானபோது, 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிலைப்படுத்திய கட்டாயத் தீர்ப்பு முறை தொழிற்சங்கங்களின் வலிமையைக் குன்றச் செய்யும் என்று வாதிட்டார். அமைச்சரவை அவ்வாதத்தை ஏற்கவில்லை.

முரண் இனித்தான் வருகிறது. வங்கி ஊழியர் தகராறில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பை 1954இல் அரசு ஊழியருக்குப் பாதகமாகத் திருத்தியது. கட்டாயத் தீர்ப்பை எதிர்த்த அமைச்சர், ஒரு தீர்ப்பைக் காப்பதற்காகப் பதவி விலகினார்.

இதைக் கொள்கைத் தடுமாற்றம் என நான் கருதவில்லை. பேரம் பேசும் வலிமையைத் தொழிலாளரிடமிருந்து பெற்றுக்கொண்ட அரசு, அதற்கு ஈடாகத் தந்த தீர்ப்பையேனும் மதிக்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடாக இருந்திருக்க வேண்டும். அரசு அதை மதியாதபோது, அவருடைய பழைய எச்சரிக்கைதான் மெய்யாயிற்று. அமைச்சர் தொழிற்சங்கத்திலிருந்தே வந்தவராயினும், அவருடைய நல்லெண்ணம் சங்கத்தின் வலிமைக்கு ஈடாகாது. கிரியின் அமைச்சர் வாழ்க்கையை ஆளுநர் மாளிகையிலிருந்து பின்னோக்கிப் படிக்காமல், தொழிற்சங்க மேடையிலிருந்து முன்னோக்கிப் படித்தால் இது தெளிவாகும்.