பிக்கப் சரக்குந்தின் எரிபொருள் சிக்கனக் குறைவு

பிக்கப் சரக்குந்தின் எரிபொருள் சிக்கனக் குறைவு என்பது, ஒரு பிக்கப் வண்டி முன்பு ஒரு குறிப்பிட்ட அளவு எரிபொருளில் கடந்த தொலைவைவிடக் குறைந்த தொலைவையே கடக்கும் நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "மைலேஜ் குறைதல்" எனப்படும். இது தனியொரு பழுது அன்று. பல்வேறு காரணங்களின் வெளிப்பாடாகத் தோன்றும் ஓர் அறிகுறியே ஆகும். காலநிலை, எரிபொருளின் தன்மை, ஓட்டும் முறை, சுமை, டயர், தடுப்பு, பொறி, கியர்பெட்டி ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குக் காரணமாக அமையலாம். இக்கட்டுரை பிக்கப் வண்டிகள் பெருமளவில் பயன்படும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சூழலை முதன்மையாகக் கொண்டு, காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குகிறது.

பின்னணி

பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குப் பெட்டியும் கொண்ட சிறு சரக்குந்து ஆகும். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை வண்டிகள் 1977 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் வரிசையாக இருந்து வருகின்றன. வேளாண்மை, கட்டடப் பணி போன்றவற்றுக்கு உருவான இவ்வண்டி, காலப்போக்கில் குடும்ப வண்டியாகவும் பயன்படலாயிற்று.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எரிபொருள் சிக்கனம் அரசின் கவனத்தைப் பெற்றது. 1974 இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பு கொண்டுவரப்பட்டது. இது 1995 இல் நீக்கப்பட்டது. 1975 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வண்டிகளின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு வரையறை வகுத்தது. இலகு சரக்குந்துகளுக்கான வரையறை 1979 மாதிரி ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

புதிய வண்டியில் ஒட்டப்படும் சிக்கன மதிப்பு, ஆய்வகச் சோதனைகளின் அடிப்படையில் கணிக்கப்படுவது ஆகும். 2008 மாதிரி ஆண்டு முதல் உயர்வேகம், குளிரூட்டியின் பயன்பாடு, கடுங்குளிர் ஆகியவற்றின் விளைவுகளும் இக்கணிப்பில் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஒரு வண்டியின் சிக்கனம் குறைந்ததா என்பதை அறிய, ஒட்டப்பட்ட மதிப்புடன் ஒப்பிடுவதைவிட அதே வண்டியின் பழைய பதிவுகளுடன் ஒப்பிடுவதே சரியாகும்.

அளவீடு

அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனம் ஒரு கேலனுக்கு இத்தனை மைல் எனக் கூறப்படுகிறது. ஓர் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர் ஆகும். எனவே கேலனுக்கு 20 மைல் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிலோமீட்டர் ஆகும்.

எளிய அளவீட்டு முறை, தொட்டியை நிரப்பிக் கணக்கிடுதல் ஆகும். பெட்ரோல் நிலையத்தின் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்துக்கொண்டு, மறுமுறை அதே போல நிரப்பும்போது கடந்த தொலைவை இட்ட எரிபொருளின் அளவால் வகுக்க வேண்டும். 300 மைலுக்கு 15 கேலன் செலவானால் சிக்கனம் 20 ஆகும். குழாய் நிற்கும் இடம் மாறி ஒரு கேலன் கூடுதலாக இடப்பட்டால், விடை 18.75 என வந்துவிடும். வண்டியில் எந்த மாற்றமும் இல்லாமலேயே 6 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைவு தோன்றும். இதனால் ஒருமுறை நிரப்பியதை வைத்து முடிவு செய்யாமல், தொடர்ந்து மூன்று அல்லது நான்கு முறை நிரப்பிச் சராசரி காண்பது நன்று.

மெய்யான குறைவும் தோற்றக் குறைவும்

சில வேளைகளில் வண்டி பழைய அளவு எரிபொருளையே செலவழித்தாலும் கணக்கில் குறைவு தோன்றும். பிக்கப் வண்டிகளில் இதற்குப் பொதுவான காரணம் பெரிய டயர் பொருத்துதல் ஆகும். தொலைவுகாட்டி, சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணியே தொலைவைக் கணிக்கிறது. 30 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 33 அங்குல டயர் பொருத்தினால், ஒவ்வொரு சுழற்சியிலும் வண்டி 10 விழுக்காடு கூடுதலாக நகரும். மெய்யாக 330 மைல் ஓடிய வண்டியில் 300 மைல் எனவே காட்டும். நெடுஞ்சாலையின் மைல் கற்களுடனோ புவியிடங்காட்டியுடனோ ஒப்பிட்டு இப்பிழையைத் திருத்திய பின்னரே மேற்கொண்டு ஆராய வேண்டும். அதே வேளையில், பெரிய டயரின் கூடுதல் எடையும் காற்றுத்தடையும் மெய்யான குறைவையும் ஏற்படுத்தக் கூடும்.

வண்டிக்குப் புறம்பான காரணங்கள்

குளிர்: குளிரில் எண்ணெய்கள் தடிப்பதால் உராய்வு கூடுகிறது. பொறி சூடேற நெடுநேரம் ஆகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணிப்பின்படி, வெப்பநிலை 25 பாகை செல்சியசில் இருந்து -7 பாகைக்குக் குறையும்போது நகரப் பயணத்தில் வழக்கமான பெட்ரோல் வண்டியின் சிக்கனம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. மூன்று நான்கு மைல் தொலைவுள்ள குறும்பயணங்களில் இது 24 விழுக்காடு வரை செல்லலாம்.

எரிபொருள்: ஒரே கன அளவில் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளால் சிக்கனம் சுமார் 3 விழுக்காடு குறையும். இ85 எனப்படும் உயர் எத்தனால் கலவையில் 15 முதல் 27 விழுக்காடு வரை குறையலாம். குளிர்காலத்தில் விற்கப்படும் பெட்ரோலின் ஆற்றலும் கோடைக்காலப் பெட்ரோலைவிடச் சிறிது குறைவாகும். எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிய இந்தியாவிலும் இதே அறிவியல் பொருந்தும்.

வேகம்: காற்றுத்தடையின் விசை வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமைகிறது. மணிக்கு 55 மைலில் இருந்து 75 மைலுக்கு வேகம் உயரும்போது காற்றுத்தடை ஏறத்தாழ 1.86 மடங்காகிறது. உயரமும் அகன்ற முகப்பும் கொண்ட பிக்கப் வண்டியில் இதன் தாக்கம் சிறு தானுந்தில் உள்ளதைவிட மிகுதியாகும்.

சுமையும் துணைக்கருவிகளும்: ஒவ்வொரு 100 பவுண்டு கூடுதல் எடைக்கும் சிக்கனம் சுமார் 1 விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணிப்பு. வண்டி சிறிதாயின் இது கூடும், பெரிதாயின் குறையும். கூரையில் ஏற்றப்படும் ஏணிச் சட்டம், சரக்குப் பெட்டி முதலியன நெடுஞ்சாலையில் எடையைவிடக் காற்றுத்தடையாலேயே மிகுந்த இழப்பைத் தருகின்றன. இழுவை வண்டி பூட்டி ஓட்டினால் இழப்பு மேலும் பெருகும். வண்டியை நிறுத்தி வைத்துப் பொறியை ஓடவிடுவதால் மணிக்குக் கால் முதல் அரை கேலன் வரை செலவாகும்.

வண்டியில் ஏற்படும் பழுதுகள்

டயர் அழுத்தம்: நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ அழுத்தம் குறைந்தால் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறையும். 2008 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை விளக்கு, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்த பின்னரே எரியும். எனவே விளக்கு எரியவில்லை என்பதால் அழுத்தம் சரியாக உள்ளது எனக் கொள்ளலாகாது. அதே வேளையில், 5 பிஎஸ்ஐ குறைவு ஏறத்தாழ 1 விழுக்காட்டு இழப்பையே விளக்கும். 20 விழுக்காட்டு இழப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சிக்கிய தடுப்பு: தடுப்புக் காலிப்பர் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால், தடுப்புக் கட்டை எப்போதும் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும். தடுப்பை அதிகம் அழுத்தாமல் சிறிது தொலைவு ஓட்டிய பின்னர் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடாதல், வண்டி ஒரு பக்கமாக இழுத்தல், கருகிய நாற்றம் ஆகியன இதன் அறிகுறிகள். தட்டைக் கையால் தொடாமல் வெப்பமானியால் அளக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்: இது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் குளிர்விக்கும் நீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடும். பொறி உரிய வெப்பநிலையை எட்டாது. பொறி இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதிக் கணினி கூடுதல் எரிபொருளைத் தெளிக்கும். வெப்பநிலைக் காட்டி தாழ்ந்தே இருத்தலும் ஓட்டுநர் அறையில் வெப்பக் காற்று போதாமையும் இதற்குச் சான்றாகும்.

ஆக்சிசன் உணரி: பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று, எடையின்படி, தேவை. எத்தனால் கலந்தால் இவ்விகிதம் சிறிது குறையும். புகையில் எஞ்சிய ஆக்சிசனை அளந்து கணினிக்கு அறிவிப்பது ஆக்சிசன் உணரியின் பணி. உணரி பழுதுற்றால் கணினி தேவைக்கு மிகுதியாக எரிபொருளைத் தெளிக்கக் கூடும். கடும் பழுதுற்ற உணரியை மாற்றியதால் சிக்கனம் 40 விழுக்காடு வரை உயரலாம் என அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது.

தீப்பொறி தவறுதல்: ஸ்பார்க் பிளக் தேய்ந்தால் சில சுழற்சிகளில் எரிபொருள் எரியாமலேயே வெளியேறும். இது சிக்கனத்தைக் குறைப்பதோடு, எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியில் எரிவதால் அதனை மிகைச்சூடாக்கிச் சிதைத்துவிடும். விலை குறைந்த ஒரு பாகத்தைக் கவனியாததால் விலை மிகுந்த ஒரு பாகத்தை இழக்க நேரிடுகிறது.

கியர்பெட்டி: தானியங்கிக் கியர்பெட்டியின் டார்க் கன்வெர்ட்டரில் உள்ள பூட்டுக் கிளட்ச் நெடுஞ்சாலை வேகத்தில் பூட்டிக்கொள்ளாவிடின் ஆற்றல் வெப்பமாக வீணாகும். நிலையான வேகத்திலும் பொறியின் சுழற்சி வழக்கத்தைவிட மிகுந்திருப்பது இதன் அறிகுறி. நான்கு சக்கர இயக்கம் விடுபடாமல் இருப்பதும் இழப்பைத் தரும்.

டீசல் வண்டிகள்: டீசல் துகள் வடிகட்டியில் சேரும் கரியை எரித்து நீக்கக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. குறும்பயணங்களே மிகுந்தால் இவ்வெரிப்பு அடிக்கடி நிகழ்ந்து சிக்கனம் குறையும்.

கண்டறியும் ஒழுங்கு

எளியதும் செலவற்றதுமான சோதனைகளை முதலிலும், செலவு மிக்கவற்றைப் பின்னரும் செய்வதே பொதுவான ஒழுங்கு.

1. பல முறை நிரப்பிக் கணக்கிட்டுக் குறைவை உறுதி செய்தல். தொலைவுகாட்டியின் பிழையைத் திருத்துதல்.
2. குறைவு எப்போது தொடங்கியது, திடீரென வந்ததா, படிப்படியாக வந்ததா எனப் பதிவுகளில் பார்த்தல். திடீர்க் குறைவு ஓர் உணரியின் பழுதையோ எரிபொருள் மாற்றத்தையோ சுட்டலாம். படிப்படியான குறைவு தேய்மானத்தையோ பருவ மாற்றத்தையோ சுட்டலாம்.
3. அதே காலத்தில் மாறியவற்றைப் பட்டியலிடுதல்: புதிய டயர், கூரைச் சட்டம், வேலைக்குச் செல்லும் வழி, எரிபொருள் நிலையம், காலநிலை.
4. வண்டியின் கீழ் எரிபொருள் கசிவு உள்ளதா எனப் பார்த்தல். பெட்ரோல் நாற்றம் இருப்பின் தீ விபத்துக்கு இடமுண்டு என்பதால் வண்டியை ஓட்டாமல் பழுதுபார்க்க வேண்டும்.
5. குளிர்ந்த நிலையில் டயர் அழுத்தத்தைப் பார்த்தல். ஓட்டிய பின்னர் சக்கரங்களின் வெப்பத்தை ஒப்பிடுதல்.
6. கணினியின் தகவல்களைப் படித்தல்.

கடைசிப் படிக்கு உதவுவது ஓபிடி-2 எனப்படும் தன்கண்டறி முறை ஆகும். அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் தானுந்துகளிலும் இலகு சரக்குந்துகளிலும் இது கட்டாயமானது. இதன் இணைப்பி 16 முனைகளைக் கொண்டது. இங்கு ஒரு படிப்பானைச் செருகிப் பழுதுக் குறியீடுகளைப் பெறலாம். எடுத்துக்காட்டாக, பி0128 பொறி உரிய வெப்பத்தை எட்டாமையையும், பி0172 கலவையில் எரிபொருள் மிகுந்திருப்பதையும், பி0300 தீப்பொறி தவறுதலையும், பி0741 டார்க் கன்வெர்ட்டர் பூட்டுப் பழுதையும் குறிக்கும். குறியீடு ஒரு பாகத்தின் மீதான தீர்ப்பு அன்று. தேட வேண்டிய திசையையே அது காட்டுகிறது. பி0172 தோன்றியதும் ஆக்சிசன் உணரியை மாற்றிவிட்டு, உண்மையில் பழுது ஒழுகும் இன்செக்டரில் இருந்ததை அறிந்து வருந்த நேரிடலாம்.

குறியீடு எதுவும் இல்லாவிடினும் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை, எரிபொருள் திருத்த அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எரிபொருள் திருத்தம் என்பது கணினி தன் அடிப்படைக் கணக்கில் கூட்டியோ குறைத்தோ தெளிக்கும் விழுக்காடு ஆகும். நீண்டகாலத் திருத்தம் சுழியில் இருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் விலகி நின்றால், விளக்கு எரியாவிடினும் மேலும் ஆராய்வது தகும்.

தவறான கருத்துகள்

அழுக்கடைந்த காற்று வடிகட்டியே குறைவுக்குக் காரணம் எனப் பலரும் கருதுவர். கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் இது ஓரளவு உண்மை. கணினிக் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் பொறியில் காற்று குறைந்தால் எரிபொருளும் அதற்கேற்பக் குறைக்கப்படும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பொறிகளில் வடிகட்டியின் அடைப்பால் முடுக்கம் குறைந்தாலும் சிக்கனம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை எனக் காட்டியது.

பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்றுத்தடை குறையும் என்பதும் பரவலான நம்பிக்கை. மூடிய கதவு இருக்கும்போது பெட்டிக்குள் காற்றுச் சுழல் ஒன்று நிலைகொண்டு, மேலே செல்லும் காற்று அதன் மீது வழுக்கிச் செல்கிறது. கதவைத் திறந்தால் இச்சுழல் கலைந்துவிடும் என்பதால் பொதுவாகப் பயன் கிட்டுவதில்லை.

முக்கியத்துவம்

ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் வண்டியின் சிக்கனம் 20 இலிருந்து 16 ஆகக் குறைந்தால், எரிபொருள் செலவு 750 கேலனில் இருந்து 937.5 கேலனாக உயரும். கூடுதலான 187.5 கேலன் ஏறத்தாழ 710 லிட்டர் ஆகும். ஒரு கேலன் பெட்ரோல் எரியும்போது சுமார் 8.9 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வெளியாவதால், ஆண்டுக்கு 1,650 கிலோகிராமுக்கு மேல் கூடுதலாக வளிமண்டலத்தில் சேரும். சிக்கிய தடுப்பும் எரிபொருள் கசிவும் உயிருக்கே ஊறு விளைவிக்க வல்லவை. இவற்றின் முதல் அறிகுறி சில வேளைகளில் சிக்கனக் குறைவாகவே வெளிப்படுகிறது. எனவே ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் தொலைவையும் அளவையும் குறித்து வைக்கும் பழக்கம், செலவைக் காட்டும் கணக்காக மட்டுமன்றி வண்டியின் நலத்தைக் காட்டும் பதிவாகவும் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- உள் எரி பொறி
- காற்றுத்தடை
- வினையூக்கி மாற்றி
- எத்தனால் எரிபொருள்