மெத்தஸ்தாசியோ: ஓபராவின் மூலவர்

ஓபரா என்றதும் இசையமைப்பாளர் பெயரைச் சொல்வதே இன்றைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியில் கணக்கு வேறு. 1730இல் ரோம் நகரில் ‘அர்த்தசெர்சே’ அரங்கேறியது. இசை லியனார்தோ வின்சி (ஓவியர் அல்ல, நேப்பிள்ஸில் பயின்ற இசைக்காரர்). அதே பருவத்தில் வெனிஸில் அதே நாடகத்துக்கு இசையமைப்பாளர் ஹாஸ்ஸ தன் இசையைப் போட்டு மேடையேற்றினார். 1741இல் மிலானில் குளுக் எழுதிய முதல் ஓபராவும் அதுதான். அடுத்த நூறாண்டுக்குள் அதற்கு எண்பதுக்கும் மேற்பட்ட இசையமைப்புகள் வந்துவிட்டன. இசை சில பருவங்களில் பழசானது, எழுத்து நிலைத்தது. அதை எழுதிய பியெத்ரோ மெத்தஸ்தாசியோவே அக்கால ஓபராவின் மூலவர் என்பது என் கட்சி.

1698இல் ரோமில் எளிய குடும்பத்தில் பிறந்து, 1730 முதல் 1782இல் இறக்கும்வரை வியன்னாவில் பேரரசரின் அவைக்கவியாக இருந்தவர் அவர். அவர் நாடகங்களில் பாத்திரங்கள் பேச்சோசையில் கதையை நகர்த்துவார்கள். பிறகு ஒருவர் இரண்டு கண்ணிகளில் தனிப்பாட்டுப் பாடி, முதல் கண்ணிக்குத் திரும்பி, சங்கதிகளை அள்ளிவிட்டு, கைதட்டலோடு உள்ளே போய்விடுவார். பாடகர்கள் அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டுத் தங்களுக்குக் கைவந்த வேறொன்றைச் செருகியதும் உண்டு. அப்புறம் ஆசிரியருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாம். பாட்டை மாற்ற முடிந்ததே, கதையின் பாரத்தை அவர் பேச்சோசைப் பகுதியில் வைத்திருந்ததால்தான். இசை அவருக்குப் பொருட்டில்லை என்றும் சொல்ல முடியாது. ‘அத்திலியோ ரெகோலோ’வுக்காக 1749இல் ஹாஸ்ஸவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், எங்கெங்கே வாத்தியங்கள் சேர வேண்டும் என்று காட்சி காட்சியாகச் சொல்கிறார். செனட்டர்கள் ஆசனத்தில் அமரவும், நாயகன் ரெகோலோ அவசரமில்லாமல் நடந்து வந்து யோசித்து நிற்கவும் நேரம் கிடைக்கும்படி ஒரு சிறு வாத்திய இசை வேண்டும் என்கிறார். இன்று இதை இயக்குநர் வேலை என்போம்.

தனிப்பாட்டு ஆடம்பரத்தைக் குறைத்த குளுக்கின் ஓபராச் சீர்திருத்தம் மெத்தஸ்தாசியோவை வீழ்த்தவில்லையா என்பது வலுவான மறுப்பு. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ‘ஓர்ஃபெயோ’வின் நாடகத்தை 1762இல் வியன்னாவில் குளுக்குக்காக எழுதிய கால்சாபிஜி, சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் மெத்தஸ்தாசியோவின் படைப்புகளைப் பாராட்டுரையோடு பதிப்பித்தவர். அந்த மாற்றமும் ஒரு நாடகக் கவியின் பேனாவிலிருந்தே வந்தது. என் வாதத்துக்கு அதுவும் சாட்சி. அதன் பின்பும், 1791இல் பிராகில் மொசார்ட் அரங்கேற்றிய ‘தீத்தோவின் கருணை’, நாடகக் கவி மத்சோலா மூன்று அங்கங்களை இரண்டாகச் சுருக்கித் தந்த மெத்தஸ்தாசியோவின் 1734ஆம் ஆண்டு நாடகம்தான்.